பச்சைப் பொத்தான்

வீடு
பிப்ரவரி 6

தம்பி,

ஆசையாக எழுத உட்காரவில்லை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டு மெயிலிலிருந்து உனக்கு மூன்று தடவை அனுப்பினேன், மூன்றும் திரும்பி வந்துவிட்டன. கடைசியில் கப்பலிலிருந்தே ஒரு வரி வந்தது: இந்த முகவரியிலிருந்து வரும் மெயிலைக் கப்பலில் திறக்கக் கூடாது என்று கேப்டன் உத்தரவாம். தடை போடுகிற அளவுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிடும் ஐந்து நிமிஷம் அப்பாவுக்கே போதவில்லை. நேரம் இருந்தாலும் உன்னோடு பேச எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அதனால் துறைமுக ஏஜென்ட் முகவரிக்குக் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்துக்கு வைரஸ் பிடிக்காது.

கம்ப்யூட்டர் குட்டிச்சுவராகிவிட்டது. நேற்று ஆன் செய்ததும் முடி வளர ஒரு எண்ணெய், தொப்பை குறைய ஒரு மாத்திரை, நான் ஜெயித்துவிட்டதாக ஒரு கார், இத்தனையும் வந்து ஆடி முடித்த பிறகுதான் திரை தெரிந்தது. ஒரு பக்கத்தைத் திறந்தால் வேறொரு பக்கம் திறக்கிறது, அதை மூடினால் இரண்டு திறக்கிறது. பதிப்பகத்தின் தளத்தில் இருக்கிற மூலத்தோடு ஒப்பிட்டு ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். 'இதயத்தின் எடை' என்ற இடத்தில் எடைக்குக் கீழே பச்சைக் கோடு. தொட்டதும் ஒரு பெண் வந்து பதினைந்து நாளில் இளைத்துக் காட்டுகிறாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. போன வாரம் திருத்திய பாடங்களைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலாளர் அதைச் செருகியதும் அவர் கம்ப்யூட்டர் கத்தியது. அறையில் இருந்த எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "உங்க வேலையில ஒரு குறை சொல்ல மாட்டேன்மா. ஆனா உங்க மிஷின் சுத்தமாகாம இனிமே எந்த ஃபைலும் வாங்க முடியாது" என்றார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் சுத்தம் செய்து மிச்சப் பாடங்களைக் கொடுத்தால் பத்தாம் வகுப்புப் புத்தகமும் எனக்குத்தான். இல்லாவிட்டால் இரண்டும் வேறு ஆளுக்குப் போய்விடும். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஏழு வருஷமாக ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெயர் அது. அது போனால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

கடைக்காரரிடம் காட்டினேன். "பாஸ்வேர்டு இருந்தா அரை நாள் வேலை. இல்லைன்னா மொத்தமா அழிக்கணும்" என்கிறார். அழித்தால் பாதி திருத்தி வைத்திருக்கிற ஆறு பாடங்களும் போய்விடும். என் வீட்டுப் பெட்டி இங்கே இருக்கிறது, அதன் சாவி நடுக்கடலில் இருக்கிறது. பாஸ்வேர்டை எழுதி அனுப்பு.

அப்புறம் உன் அத்தான். போன லீவில் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும், "திருட்டுப் பாட்டா இறக்கி இறக்கித்தான் கம்ப்யூட்டர் இப்படி நாறிக் கிடக்கு" என்றாயே, அன்றிலிருந்து அவர் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. பஸ் ஓட்டிவிட்டு வந்து, முகம் கழுவிவிட்டு, ஜன்னல் ஓரம் நின்று எதிர்வீட்டு ரேடியோவைக் கேட்கிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அக்கா

கப்பல்
பிப்ரவரி 20

அக்கா,

உன் கடிதத்தை ஏஜென்ட் உதிரி பாகங்களோடு சேர்த்துக் கொடுத்தான். கிரீஸ் பட்டு ஒரு ஓரம் கறுத்துவிட்டது, ஆனால் திட்டியதெல்லாம் தெளிவாக இருக்கிறது.

பாஸ்வேர்டைக் கடிதத்தில் எழுத மாட்டேன். இந்தக் காகிதம் எத்தனை கை மாறி வருகிறது தெரியுமா? எஞ்சின் அறையில் ஒரு வால்வைத் திறந்தால் யார் திறந்தது, எத்தனை மணிக்கு, எதற்கு என்று எழுதுகிறோம். எழுதினால்தான் அடுத்து வருகிறவன் உயிரோடு வெளியே போவான். அந்தப் பழக்கத்தில்தான் உங்களுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டேன். பெட்டியின் பக்கவாட்டில் நான்கு விதி எழுதி ஒட்டினேன். உட்கார்ந்ததும் நோட்டில் எழுது. தெரியாதவர் அனுப்பும் மெயிலைத் திறக்காதே. இலவசமாக எதையும் இறக்காதே. எச்சரிக்கை வந்தால் அலட்சியம் செய்யாதே. நாலே நாலு. லீவில் வந்தவன் இரண்டு முழு நாள் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டி, குப்பையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தேன். பாஸ்வேர்டு இல்லாமல் அதற்குள் ஒரு எறும்புகூட நுழைய முடியாது. இப்போது நுழைந்திருக்கிறது என்றால் யாரோ ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறார்கள். யார் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சண்டை.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிடு. புரோகிராம் பட்டியலைத் திறந்து, நவம்பருக்குப் பிறகு வந்தது எது, உனக்குத் தெரியாத பெயர் எது என்று பார்த்து நீக்கு. பிரௌசருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் உபரிப் பட்டைகளை எடு. நான் போட்ட ஆன்டிவைரஸை முழு ஸ்கேனுக்கு விடு. அதோடு இன்னொன்று இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், ஒன்றுதான் இருக்க வேண்டும். அந்தப் பென்டிரைவை இனி எங்கேயும் செருகாதே.

நவம்பரிலிருந்து நோட்டில் இருப்பதை அப்படியே நகல் எடுத்து அனுப்பு. அத்தான் பெயர் வருகிற இடத்தில் அடிக்கோடு போடு.

மெயில் தடை பற்றிக் கேட்டிருக்கிறாய். இங்கே ஒரு சின்னக் கோளாறு. நீ அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எனக்கும் இங்கே இருப்புக் கொள்ளவில்லை, ஷிப்ட் முடிந்து படுத்தால் உடனே எழுந்து டெக்கில் நடக்கிறேன். வேறு ஒன்றுமில்லை.

தம்பி

வீடு
மார்ச் 5

தம்பி,

உன் கடிதத்தில் பதினோரு எழுத்துப் பிழை. சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்.

நீ சொன்னதை எல்லாம் செய்தேன். வயரைப் பிடுங்கினேன். பட்டியலைத் திறந்தேன். எனக்குத் தெரியாத பெயர் பத்தொன்பது இருந்தது. 'மின்னல் வேகம்', 'முழுப் பாதுகாப்பு', 'அதிமுழுப் பாதுகாப்பு' என்று அர்த்தம் வருகிற பெயர்கள். ஒன்றை நீக்கு என்று சொன்னேன். பாஸ்வேர்டு கேட்டது. அடுத்ததைச் சொன்னேன், அதற்கும் கேட்டது. பத்தொன்பது தடவை கேட்டது. அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தீப்பெட்டியை ஒளித்து வைத்தவன் நீ. ஸ்கேன் விட்டால் நாலாயிரம் பிடித்தேன் என்று ஒன்று சொல்கிறது, ஒன்றுமே இல்லை என்று இன்னொன்று சொல்கிறது.

நோட்டு நகல் கேட்டாய். எழுதுகிறேன். சிரிக்காதே.

நவம்பர் 12, காலை 10.20. அப்பா. செய்தி படிக்க. உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது என்று எச்சரிக்கை வந்தது. அலட்சியம் செய்யவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

நவம்பர் 19, காலை 10.05. அப்பா. செய்தி படிக்க. நாற்பத்தேழு வைரஸ் இருப்பதாக எச்சரிக்கை. அலட்சியம் செய்யவில்லை. பச்சைப் பொத்தான்.

டிசம்பர் 3, காலை 10.10. அப்பா. ஒரே சமயத்தில் இரண்டு எச்சரிக்கை. முதலில் வந்ததை முதலில் கவனித்தேன். பிறகு இரண்டாவது.

இப்படி முப்பத்தொரு இடம். ஒன்றில்கூட ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. நாற்பது வருஷம் மின்கம்பத்தில் ஏறி இறங்கிய எலக்ட்ரீஷியன், 'அபாயம்' என்று பலகை தொங்கினால் கண்ணை மூடிக்கொண்டு மதித்துப் பழகியவர். நீ வேறு பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய், எச்சரிக்கை வந்தால் அலட்சியம் செய்யாதே என்று. எது நிஜமான எச்சரிக்கை, எது விளம்பரம் என்று எங்கேயாவது எழுதினாயா?

ஆனால் ஒன்று புரியவில்லை. பொத்தானை அழுத்தினால் மட்டும் உள்ளே ஏறாது, பாஸ்வேர்டு கேட்கும் என்கிறார் கடைக்காரர். அப்படியானால் பத்தொன்பதும் எப்படி ஏறின? அப்பாவைக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எச்சரிக்கை வந்தா பார்க்கணும்ல" என்றார். நான் அவரைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, பாவம். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் போனில் "பத்திரமா இருக்கு, பத்திரமா இருக்குப்பா" என்று இரண்டு தடவை சொன்னார். எதைக் கேட்டாய்? அவர் உடம்பையா?

அத்தான் பெயருக்கு அடிக்கோடு போடச் சொன்னாய். போட முடியவில்லை. நவம்பரிலிருந்து அவர் பெயர் நோட்டில் ஒரு இடத்தில்கூட இல்லை.

நான் இப்போது தினம் இரண்டு பஸ் மாறிப் பதிப்பகத்துக்குப் போகிறேன். யாராவது எழுந்து சாப்பிடப் போனால் அவர் இடத்தில் உட்கார்ந்து திருத்துகிறேன். அவர் திரும்பி வந்ததும் எழுந்து நிற்கிறேன். நாற்பது நிமிஷத்தில் எத்தனை பக்கம் பார்க்க முடியும் சொல். இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கிறது. எறும்புக் கதையெல்லாம் அப்புறம் பேசலாம், அந்தப் பாஸ்வேர்டைக் கொடுடா.

அக்கா

கப்பல்
மார்ச் 17

அக்கா,

நகல் கிடைத்தது. அப்பாவின் பதிவுகளைப் படித்தேன். மூன்று தடவை படித்தேன்.

நீ இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம். ஜூனில் லீவு. நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். பதிப்பகத்தில் கொஞ்சம் நாள் கேட்டுப் பார். அப்பாவை அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டேன். அவரை நீ ஒன்றும் கேட்காதே. பாஸ்வேர்டு விஷயம் கொஞ்சம் சிக்கல், நேரில் சொல்கிறேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஊழியர்களுக்கு என்று ஒரு கம்ப்யூட்டர் உண்டு, வீட்டுக்கு மெயில் அனுப்ப. ஜனவரியில் யாரோ ஒரு மெயிலைத் திறந்ததில் அது படுத்துவிட்டது. இருபத்திரண்டு பேருக்கும் வீட்டோடு மெயில் தொடர்பு அறுந்துபோயிற்று. சமையல்காரன்தான் கண்டதையும் திறந்திருப்பான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அவன் மெஸ்ஸில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். பரிமாறிவிட்டு, ஒரு ஓரமாக வட்டக் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று கடலைப் பார்க்கிறான். அவன் மனைவிக்கு இது பிரசவ மாதம். என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷப் போன்கூட அவனுக்குக் கிடையாது, அது அதிகாரிகளுக்கு மட்டும்தான்.

இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அத்தான் ஜன்னல் ஓரம் நிற்கிறார் என்று நீ எழுதியது ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

தம்பி

வீடு
ஏப்ரல் 2

தம்பி,

உன் பாஸ்வேர்டு எனக்குக் கிடைத்துவிட்டது. நீ சிரமப்பட வேண்டாம்.

முந்தாநாள் பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்தேன். கெடு முடிந்துவிட்டது. நான்கு பாடம்தான் முடிக்க முடிந்தது. மேலாளர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் சொன்னார். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் வேறு ஆளுக்குப் போய்விட்டன. வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் அடுப்பங்கரையில் நின்று அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். உன் அத்தான் டூட்டியில் இருந்தார். அப்பா மட்டும்தான் வீட்டில்.

அப்பா வந்து வாசல்படியில் நின்றார். கண்ணாடிக் கூட்டைத் திறந்து, அதில் விரித்திருக்கும் துணிக்கு அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். உன் கையெழுத்து. பதினான்கு எழுத்து.

"அவன் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்மா. உன்கிட்டயும்தான். இவ்ளோ பெரிய விஷயம்னு எனக்குத் தெரியலை" என்றார். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் சீட்டை எடுத்து, ஒரு விரலால் பதினான்கு எழுத்தையும் தட்டி, மறுபடி மடித்து உள்ளே வைத்திருக்கிறார். முப்பத்தொரு தடவை. எறும்பு நுழையாத கதவைத் தன் கையாலேயே திறந்து, அத்தனை திருடர்களையும் காவல்காரர்கள் என்று உள்ளே உட்கார வைத்திருக்கிறார். பத்திரமா இருக்கா என்று ஞாயிறு தவறாமல் நீ கேட்டது அவர் உடம்பை இல்லை.

நான் அப்பாவைத் திட்டவில்லை. திட்ட வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவர் மகனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அதற்காக ஒரே மேசையில் உட்கார்ந்து நான் ரெண்டு மாசம் புலம்புவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். அவருக்கு அது எப்படி இறங்கியது என்று நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

ஆனால் நீ? நோட்டு நகலைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். 'அப்பாகிட்ட இருக்கு, வாங்கிக்கோ' என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் அந்தக் கடிதம் கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால் வந்திருக்கும். ஐந்து நாள் எனக்குப் போதும். நீ எழுதியது ஜூனில் வருகிறேன் என்று. அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் நான். அதை நம்பி இருக்கிறவள் நான். வாரத்துக்கு இரண்டு நாள் செய்தி படிக்கிறவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, என்னிடம் சொல்லாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். நான் உனக்கு என்ன செய்தேன்? சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தேன், கணக்குப் பாடத்துக்கு உதவினேன், கப்பல் வேலைக்கு நீ போட்ட விண்ணப்பத்தில் பிழை திருத்தினேன். வேறு என்ன தப்பு செய்தேன் என்று எழுது.

எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அப்பா எடுப்பார்.

அக்கா

கப்பல்
ஏப்ரல் 17

அக்கா,

இதைப் பிழை திருத்தாமல் படி. நான் நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது.

ஏன் அப்பாவிடம் கொடுத்தேன் என்று கேட்டாய். நீ கேள்வி கேட்பாய், அப்பா கேட்க மாட்டார். அவ்வளவுதான் காரணம். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவரிடம் கொடுத்தால் பத்திரம் என்று நினைத்தேன். உன்னிடம் கொடுத்தால் 'இது எதுக்கு, அது எதுக்கு' என்று குடைவாய், நான் போட்ட பூட்டை நீயே மாற்றிவிடுவாய். வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருக்கிறேன். அந்த வீட்டில் என்னைக் கேட்காமல் எல்லாம் நடக்கிறது, நடக்கத்தான் வேண்டும். ஒரு விஷயமாவது என்னைக் கேட்டு நடக்கட்டும் என்று இருந்தது. இதை எழுதும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது.

உன் மார்ச் கடிதத்தில் முதல் பதிவைப் படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. உடனே எழுதியிருக்கலாம். எழுதினால் அத்தானை நான் பேசியது பொய்யாகிவிடும். அதற்குப் பயந்து பூசி மெழுகினேன். உன் புத்தகங்கள் போனது அதனால்தான். இதற்கு மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை போதாது, இருந்தாலும் கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கப்பல் கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்தது சமையல்காரன் இல்லை, நான். நம் வீட்டு முகவரியிலிருந்து வந்தது. 'வீட்டுப் படங்கள், திறந்து பார்' என்று இருந்தது. நம் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருந்த சனியன் தானாகவே எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறது. தெரியாதவர் மெயிலைத் திறக்காதே என்று விதி எழுதியவன் நான். இது தெரியாதவர் இல்லையே, வீடு ஆயிற்றே. கூடத்தையும் உங்கள் முகங்களையும் பார்க்கலாம் என்று ஓடிப்போய் உட்கார்ந்து அழுத்தினேன். திரை வெள்ளையாக நின்றது. எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் எல்லாம் போய்விட்டது. மெயில் எந்த முகவரியிலிருந்து வந்தது என்றுதான் கேப்டனுக்குத் தெரிந்தது. அது ஊழியர்கள் எல்லோரும் திறக்கும் ஒரே பொதுக் கணக்கு, யார் அழுத்தியது என்று தெரியவில்லை. வீட்டில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள், நான் பார்க்கவில்லை என்பது போல் தலையாட்டினேன். பழி சமையல்காரன் தலையில் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவனுக்குப் பெண் பிறந்திருக்கிறது. ஒன்பது நாள் கழித்து, துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

உன் கடிதம் வந்த அன்று கேப்டன் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். என் பணிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார், முதல் எஞ்சினியராகப் பதவி உயர்வு இனி எப்போது என்று தெரியாது. அப்புறம் மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் சமையல்காரனிடம் சொன்னேன். அத்தானை எல்லோர் முன்னாலும்தானே பேசினேன். அவன் என் முன்னால் டீயை வைத்தான். "டீ ஆறிடும் சார், குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

அத்தானுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீ படிக்காமல் அவரிடம் கொடு. படிப்பாய் என்று தெரியும்.

தம்பி

வீடு
மே 3

தம்பி,

படித்தேன். இரண்டையும்.

உன் அத்தான் அந்தத் தாளைச் சாப்பிடுவதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை படித்தார். அப்புறம் என்னிடம், "முதல் தடவை வந்தது என் பாட்டாலதான் இருக்கும். பையன் முழுசாப் பொய் சொல்லலை" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரையும் சேர்த்துத் திட்டினேன். இத்தனை மாசம் மனதுக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றாராம்! இந்த வீட்டு ஆண்கள் மூன்று பேரும் வாயைத் திறந்திருந்தால் நான் இரண்டு புத்தகங்களை இழந்திருக்க மாட்டேன்.

உன்னை நான் மன்னித்துவிட்டேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. காலையில் மன்னிக்கிறேன், பதிப்பகத்துப் பக்கம் பஸ் திரும்பினால் மறுபடி பொங்கிக்கொண்டு வருகிறது. கேப்டனிடம் போய்ச் சொன்னாய் பார், அந்த இடத்தைப் படித்தபோது மட்டும் உன்னைப் பக்கத்தில் வைத்துக் குட்டிவிட்டுச் சாப்பாடு போட வேண்டும் போல இருந்தது.

கம்ப்யூட்டர் விஷயம். பாஸ்வேர்டு கையில் இருந்ததால் என் பாடங்களை முதலில் வெளியே எடுத்தோம். கடைக்காரர் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தந்தார். பத்தொன்பதையும் நீக்கிப் பார்த்தோம். பதினேழு போயிற்று, இரண்டு மறுபடி மறுபடி முளைத்தது. கடைசியில் மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். ஆன்டிவைரஸ் ஒன்றே ஒன்று. புது மெயில் முகவரி. பழையதை மூடுவதற்கு முன், தெரிந்தவர்கள் எல்லோருக்கும் 'எங்கள் பெயரில் படம் வந்தால் திறக்காதீர்கள்' என்று அத்தான் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் போன் செய்தார். யாரிடமோ அரை மணி நேரம் பழைய பாட்டைப் பற்றிப் பேசினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான்.

மேலாளர் ஆறாம் வகுப்பு ஓவியப் பாடம் ஒன்று கொடுத்திருக்கிறார். நாற்பது பக்கம், எழுத்தைவிடப் படம் அதிகம். பத்தாம் வகுப்பு போனது போனதுதான். ஓவியப் பாடத்தைத் திருத்திச் சுத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றார்.

புதுப் பாஸ்வேர்டு நான் வைத்தது. என்னிடம் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதே, உன் அத்தானிடமும் இருக்கிறது. உன்னிடம் இல்லை. ஜூனில் வந்தால் நீயும் நோட்டில் எழுதிவிட்டு உட்கார், ஏதாவது போட வேண்டுமென்றால் என்னைக் கேள். நான் கேள்வி கேட்பேன்.

அப்பாவை நினைத்தால்தான் கவலையாக இருந்தது. நீ அந்தப் பக்கம் போகாதே என்று சொன்னதிலிருந்து கம்ப்யூட்டர் இருக்கும் திசைக்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சுத்தமான பிறகும் வர மாட்டேன் என்றார். "நான் தொட்டா கெட்டுடும்மா." நான் உன் நான்கு விதித் தாளைக் கிழித்துவிட்டு, அவரையே உட்கார வைத்துப் புதிதாக எழுதச் சொன்னேன். என்ன எழுதலாம் என்று ரொம்ப நேரம் யோசித்தார். ஒரே ஒரு விதிதான் எழுதினார். அதை நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. நேற்று அவர் நோட்டில் எழுதியதை மட்டும் நகல் எடுத்து அனுப்புகிறேன். நகல் கேட்கிற பழக்கம் உன்னுடையதுதானே.

மே 2, காலை 10.15. அப்பா. செய்தி படிக்க. எச்சரிக்கை வந்தது. கையை எடுத்துவிட்டேன். மகளைக் கூப்பிட்டேன்.

அக்கா